தேய்க்காத முதுகு

எங்கள் சந்தில் ஒரு வீட்டம்மாவின் கைப்பக்குவம் எப்படி என்று தெரிய வேண்டுமானால் அவள் சட்டியைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. அவள் வீட்டில் வாடகைக்குத் தங்கியிருக்கும் ஆண்களின் கழுத்தைப் பார்த்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுப் பூசைக்கு வருவார்கள். காலருக்கு மேலே கறுப்புக் கோடு தெரிந்தால் அந்த வீட்டில் சூப்பும் தண்ணியாகத்தான் இருக்கும். வெரோனா வீட்டு ஆட்களின் கழுத்தில் அப்படி ஒரு கோட்டை யாரும் பார்த்ததில்லை.

ஆலைச் சங்கு ஊதியதும் பகல் வேலைக்காரர்கள் மலைச்சரிவில் வரிசையாக ஏறி வருவார்கள். ஆள் அடையாளமே தெரியாது, பல்லும் கண்ணும்தான் தெரியும். வெரோனா அதற்குள் அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, சமையலறை நடுவே மரத்தொட்டியைப் போட்டிருப்பாள். அவர்கள் இடுப்புவரை கழற்றி, முன்பக்கத்தைத் தாங்களே கழுவிக்கொண்டு, தொட்டிமேல் குனிவார்கள். அவள் கையில் நார்ப் பிரஷ்ஷும் காரச் சோப்புமாக ஒவ்வொரு முதுகாகத் தேய்த்துக்கொண்டே வருவாள். தேய்க்கிற தேய்ப்பில் ஆம்பளை முனகுவான். எங்கள் ஆட்கள் எந்த வீட்டில் தங்கினாலும் இதுதான் வழக்கம். வாடகை என்றால் படுக்கை, சூப், துணி வெளுப்பு, முதுகு. இதில் யாரும் தப்பாக எதையும் கண்டதில்லை. பாதிரியாருக்கே தெரியும். ஊரில் மாட்டைக் குளிப்பாட்டினோம், அமெரிக்காவில் மாடு இல்லை, அவ்வளவுதான்.

வெரோனாவின் புருஷன் இம்ரிக் என் ஊர்க்காரன், கடலுக்கு அந்தப் பக்கம் சாரிஷ் மலைப்பக்கம். என்னை அக்கா என்பான். முதலில் அவன் மட்டும் தனியாக வந்தான். ஆற்றுக்கு மேலே ஒரு நிலக்கரி ஊரில் மூன்று வருஷம் வாடகைக்குத் தங்கி வேலை பார்த்துவிட்டு, பிறகு இந்த இரும்பாலையில் உலை வேலைக்குச் சேர்ந்து, வீடு பிடித்து, பெண்டாட்டியை வரவழைத்தான். இங்கே வந்து பிறந்த மார்கிதாவுக்கு நான்தான் ஞானத்தாய். இரண்டு அறையில் ஆட்களை வைத்திருந்தார்கள். பாதிப் பேர் பகல் வேலை, பாதிப் பேர் இரவு வேலை. ஒருவன் எழுந்த சூட்டிலேயே இன்னொருவன் படுப்பான். அந்த வீட்டுப் படுக்கை ஆறி நான் பார்த்ததில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்து சில நாளில் காஷ்பர் வந்தான். அவனைக் கூட்டி வந்ததே இம்ரிக்தான். செவ்சீக்கின் சாராயக் கடையில் மூட்டையோடு உட்கார்ந்திருந்தானாம். "நல்ல பய, அதிர்ந்து பேசமாட்டேங்கான், குடியும் இல்ல," என்று சொல்லித்தான் கூட்டி வந்தான். வேலியில் போற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்று பிற்பாடு அவனே புலம்பினான். காஷ்பருக்கு முப்பது வயதுகூட இருக்காது. நல்ல தோள். ஒல்லியான முகம். அவன் ஊர் வெரோனாவின் ஊருக்கு அடுத்த பள்ளத்தாக்கு.

முதல் நாள் சாயங்காலம் எல்லோரும் தொட்டியைச் சுற்றி நின்றபோது காஷ்பர் சட்டையைக் கழற்றவில்லை. ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக் கரிக்கொட்டகைக்குப் போய்விட்டான். வெளியே பனி கொட்டுகிறது, கரிப்புகை பட்டு அது விழும்போதே சாம்பல் நிறமாக விழுகிறது, இவன் அங்கே நின்று குளிக்கிறான்.

"ஏலே, கன்னிப்பொண்ண கூட்டிட்டு வந்துட்டான்டே இம்ரிக்!" என்று கத்தினார் தோமாஷ். அந்த வீட்டில் மூத்த வாடகைக்காரர் அவர்தான், வாயை அடக்கத் தெரியாத ஆள்.

"மேல ஏதாச்சும் வால் மொளச்சிருக்கும் வே, அதான் காட்டமாட்டேங்கான்!" என்றான் இன்னொருவன்.

"சும்மா கெடங்க எல்லாரும்," என்றாள் வெரோனா. "எனக்கு ஒரு முதுகு மிச்சம். குனியும் தோமாஷ் அண்ணாச்சி, உம்ம முதுகுல உருளக்கெழங்கு நடலாம் போல இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். இம்ரிக் சிரிக்கவில்லை. கையில் துண்டோடு பின்கதவையே பார்த்துக்கொண்டு நின்றான் என்று தோமாஷ் பிற்பாடு சொன்னார்.

அந்த வாரமே இம்ரிக் என்னைத் தேடி வந்தான். நான் வாத்துக்கு இறகு பிடுங்கிக்கொண்டிருந்தேன். பாலத்துக் காவல் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரருக்கு ஆலையில் விரல் போனதிலிருந்து எங்கள் பிழைப்பில் பாதி இந்த வாத்துதான். இறகு தலையணைக்கு, கொழுப்பு புண்ணுக்கும் பலகாரத்துக்கும்.

"அக்கா, ஒண்ணு கேக்கேன். ஒரு ஆம்பள ஏன் முதுகு தேய்க்க விடமாட்டேங்கான்?"

"ஊத்தையனா இருப்பான்."

"வெளையாடாதக்கா."

"அப்போ கூச்சம். ஒவ்வொருத்தன் சுபாவம் ஒவ்வொரு மாதிரி."

"மத்த எல்லாருக்கும் வராத கூச்சம் இவனுக்கு மட்டும் ஏன் வருது?" அவன் குரலைத் தாழ்த்தினான். "மனசுல ஒண்ணும் இல்லாதவன் மாடு மாதிரி குனிஞ்சு குடுப்பான். அவ கை பட்டா தன் மூஞ்சில தெரிஞ்சிரும்னு பயப்படுதவன்தான் வெலகிப் போவான். அதுவும் புருஷன்காரன் நிக்கும்போது."

"நல்லாருக்கே உன் நியாயம்! தேய்க்க விடுதவன்லாம் யோக்கியன், விடாதவன் அயோக்கியனா?"

"ஆமாக்கா," என்றான். சிரிப்பில்லாமல் சொன்னான்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஊரில் உள்ள ஆண்களின் முதுகையெல்லாம் பெண்டாட்டி தேய்க்கும்போது பக்கத்தில் நின்று பைப் புகைத்தவன், தேய்க்காத ஒரு முதுகுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறானே என்று நினைத்தேன். இப்படி ஒரு எண்ணம் இவன் மண்டைக்குள் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு அவன் கண்கொத்திப் பாம்பாகிவிட்டான். அந்த வீட்டில் ஒவ்வொருவனும் தனக்குப் பிடித்த கறியைத் தானே கசாப்புக் கடையில் வாங்கி வருவான். வெரோனா அதில் அடையாளம் வைத்து ஒரே அண்டாவில் போட்டு வேகவைப்பாள். ஒருவன் துண்டில் பொத்தான் தைத்திருக்கும், ஒருவனுடையதில் குச்சி, ஒருவனுடையதில் சிவப்பு நூல். காஷ்பருடையது கோழி இறகுத் தண்டு. இம்ரிக் தன் தட்டைப் பார்க்காமல் அந்த இறகுத் தண்டுத் துண்டையே பார்த்துக்கொண்டு சாப்பிடுவான்.

"காஷ்பருக்கு இன்னிக்கு கொழுப்பா வாச்சிருக்கே."

"அவன் வாங்கினது அவனுக்கு," என்பாள் வெரோனா.

"உருளக்கெழங்கும் அவனா வாங்கினான்?"

வெரோனா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, தன் தட்டிலிருந்த கிழங்கையும் எடுத்துப் புருஷன் தட்டில் போடுவாள். புளித்த முட்டைக்கோஸை மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

காஷ்பருக்கு இரவு வேலை வந்தபோது நிலைமை இன்னும் மோசமாயிற்று. இம்ரிக் பகலில் உலைமுன் நிற்கிறான், காஷ்பர் வீட்டில் தூங்குகிறான். வயிற்று வலி என்று மேஸ்திரியிடம் பொய் சொல்லிவிட்டு இம்ரிக் ஒரு நாள் நடுவேளையில் ஓடி வந்தான். வெரோனா கொல்லையில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். காஷ்பர் சுவர்ப்பக்கம் திரும்பிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. சமையலறைக்குள் அடுப்புக்குப் பின்னால் தனியாக ஒரு சட்டை காய்ந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் சட்டையெல்லாம் வெளிக்கொடியில் கிடக்க, காஷ்பர் சட்டை மட்டும் உள்ளே.

"இது ஏன் இங்க கெடக்கு?" என்று உள்ளே வந்த வெரோனாவைக் கேட்டான்.

"கறை. தனியா ஊறவச்சேன்."

"என்ன கறை?"

"எண்ணெய்க் கறை."

அவன் எடுத்து முகர்ந்து பார்த்தான். வாத்துக் கொழுப்பு வாடை. அந்தச் சட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தான். "நீ என் வீட்டுக்குக் குடுத்த கொழுப்பு ஜாடி யாருக்குக்கா போவுது?" என்று கேட்டான்.

மறுநாள் குழாயடியில் வெரோனாவைப் பிடித்தேன். பன்னிரண்டு வீட்டுக்கு ஒரே குழாய், உறைந்து போயிருந்தது. நெருப்புக்கொள்ளியைச் சுற்றி வைத்து உருக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏ பிள்ள, உன் புருஷன் பைத்தியம் பிடிச்சு அலையுதான். அந்தச் சட்டை விஷயம் என்ன?"

அவள் நிமிரவில்லை. "மதினி, அது என் வாயால சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"காஷ்பருக்கு."

"புருஷன்ட்ட சொல்லக்கூடாத ஒண்ண எவனோ ஒருத்தனுக்கு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கியா?"

"சொன்னா அவன் பொழப்பு போயிரும் மதினி. நீங்களும் கேக்காதீங்க."

அவள் முகத்தில் பொய் இல்லை. ஆனால் ரகசியம் இருந்தது. பொய் சொல்வானேன், எனக்கும் சந்தேகம் வந்தது. நெருப்பில்லாமல் புகையாது என்று அன்றைக்கு முழுவதும் மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. சந்தில் உள்ள மற்றப் பெண்கள் மனசில் சொல்லிக்கொள்ளவில்லை, வாயாலேயே சொன்னார்கள். வெரோனா குழாயடிக்கு வந்தால் பேச்சு நிற்கும். அவள் போனதும் மறுபடி பொங்கும்.

பிப்ரவரி கழிந்து பனி உருக ஆரம்பித்தது. சந்து முழுக்கச் சேறு. ஆற்றில் ஐஸ் உடைகிற சத்தம் வீட்டுக்குள் கேட்கும். அப்படி ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மார்கிதாவைப் பார்க்க நானும் போயிருந்தேன். பகல் வேலைக்காரர்கள் வந்துவிட்டார்கள், இரவு வேலைக்காரர்கள் கிளம்பவில்லை. வெயில் கொஞ்சம் தலைகாட்டியதால் வெரோனா தொட்டியைக் கொல்லையில் போட்டிருந்தாள். எல்லோர் முதுகும் முடிந்தது. மறுபடி பகல் வேலைக்கு மாறியிருந்த காஷ்பர் வழக்கம் போல வாளியோடு கொட்டகைப் பக்கம் நடந்தான்.

இம்ரிக் வழியை மறித்தான். "இன்னிக்கு இங்க குளி."

"இருக்கட்டும் அண்ணாச்சி."

"எல்லாரும் குனியுதான். நீ மட்டும் என்ன, ஜமீன்தாரா?"

"விடுங்க அண்ணாச்சி, ஒங்களுக்குப் புண்ணியமா போவும்."

"வீட்டம்மா தேய்ப்பா. நான் பாத்துட்டு நிப்பேன். உன் மூஞ்ச பாக்கணும் எனக்கு."

வெரோனா பிரஷ்ஷைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "அவனை விடுங்க! சொன்னாக் கேளுங்க!" அவள் ஓடி வந்ததுதான் வினை. அதைப் பார்த்ததும் இம்ரிக் காஷ்பரின் காலருக்குப் பின்னால் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். பழைய சட்டை, இடுப்புவரை கிழிந்து வந்துவிட்டது.

முதுகு என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. தோள்பட்டையிலிருந்து இடுப்புவரை தோல் உருகி உறைந்து, சில இடத்தில் பளபளவென்று, சில இடத்தில் இன்னும் ஆறாத புண்ணாக இருந்தது. கொழுப்பு தடவிய துணி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மார்கிதா என் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஆலைக்காரர்களுக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோமாஷ்தான் கேட்டார், குரலில் கேலி இல்லை.

"எந்த ஊர் உலைடே?"

காஷ்பர் ஏரிக்கரை நகரம் ஒன்றின் பெயரைச் சொன்னான். போன கோடையில் அங்கே உலை வெடித்ததை எல்லோரும் கேள்விப்பட்டிருந்தார்கள்.

"உன் கூட நின்னவங்க?"

"யாரும் இல்ல."

தோமாஷ் ஓர் அடி பின்னால் வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள். உலை ஒரு குழுவையே விழுங்கி ஒருவனை மட்டும் விட்டுவிட்டால், அவன் எந்த ஊருக்குப் போனாலும் உலை அவனைத் தேடி வரும், பக்கத்தில் நிற்பவனையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும் என்பது எங்கள் ஆட்களின் பயம். மேஸ்திரிகளுக்கும் அது தெரியும். முதுகைப் பார்த்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதைத்தான் அவன் கொட்டும் பனியில் கரிக்கொட்டகைக்குள் ஒளித்து வைத்திருந்தான்.

"எனக்கு ஊர்ல நாலு பிள்ளைங்க," என்றார் தோமாஷ் தரையைப் பார்த்து. "தப்பா நெனைக்காத தம்பி."

போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. இருக்கச் சொல்லியும் யாரும் சொல்லவில்லை. இருட்டுவதற்குள் அவன் மூட்டையைக் கட்டிவிட்டான். வெரோனா ஒரு முழு ரொட்டியையும் பன்றிக்கொழுப்புத் துண்டையும் துணியில் சுற்றி அவன் கையில் கொடுத்தாள். "வாரேன் வீட்டம்மா," என்று சொல்லிவிட்டுச் சேற்றில் இறங்கிப் போனான். அவன் பிறகு எந்த ஊரில் பிழைத்தான், பிழைத்தானா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. அந்தப் பாவம் இந்தச் சந்தின் தலையில்தான்.

இம்ரிக் மன்னிப்புக் கேட்பான் என்று எதிர்பார்த்தேன். கேட்டானா? அன்று ராத்திரிச் சோறு முடிவதற்குள் வேறு கதை ஆரம்பித்துவிட்டான்.

"இவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு அக்கா! எல்லாரும் முதுகப் பாத்தோம், இவ என் மூஞ்சப் பாத்தா. எப்போ பாத்திருக்கா அத? எங்க வச்சுப் பாத்திருக்கா?"

"சட்டை புண்ணுல ஒட்டிக்கிட்டு வந்துது," என்றாள் வெரோனா. "வெளுக்கப் போட்டப்போ சீழும் ரத்தமுமா இருந்துச்சு. கேட்டேன். அழுதுட்டான். யார்ட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணினேன். மதினி குடுத்த கொழுப்பைக் குடுத்தேன்."

"முதுகுல தனக்குத்தானே எவன் கொழுப்பு தடவுவான்? உனக்குக் கை எட்டுமா அங்க? எனக்கு எட்டல."

பொய் சொல்லியிருந்தால் வெரோனா தப்பித்திருப்பாள்.

"நான்தான் தடவினேன். நாறிப் போயிருந்துச்சு. நாய்க்கு அப்படி இருந்தாலும் தடவியிருப்பேன்."

"கதவச் சாத்திக்கிட்டு."

"தொறந்து வச்சுக்கிட்டு தடவுனா அது ரகசியமா?"

"கேட்டியாக்கா? எல்லார் முதுகையும் ஊரே பாக்கத் தேய்ப்பா. அவன் முதுக மட்டும் கதவச் சாத்திட்டு!"

அன்றைக்கு அவன் வாயிலிருந்து வந்தது கப்பல் பேச்சு. ப்ரேமன் துறைமுகத்துக்குப் போகிற அடுத்த கப்பலில் அவளை ஏற்றி ஊருக்கு அனுப்பப் போகிறானாம். பிள்ளை இங்கேயே இருக்குமாம். அப்படி அனுப்பப்பட்ட பெண்ணை ஊரில் எந்த வாசலில் நிறுத்துவார்கள் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். தாய் வீட்டிலேயே தண்ணீர் கொடுக்க மாட்டார்கள். அது வெறும் வாய்ப்பேச்சும் இல்லை. மறுநாளே செவ்சீக்கிடம் போய்க் கப்பல் எப்போது என்று விசாரித்தான். சாராயக் கடைக்காரரான செவ்சீக்தான், யாராவது செத்தால் அடக்கச் செலவுக்குப் பணம் கொடுக்கும் எங்கள் சாவுச் சங்கத்துக்குத் தலைவர், கப்பல் சீட்டும் அவரிடம்தான். அவர் ஆற அமர யோசித்து ஒரு வழி சொன்னார். இடிமெழுகுவர்த்தியைப் பிடித்து அவள் சத்தியம் செய்யட்டும், அதோடு முடிந்தது.

பிப்ரவரித் திருநாளில் பாதிரியாரிடம் மந்திரித்து வாங்கிவரும் மெழுகுவர்த்தி அது. இடி மின்னல் வரும்போது ஏற்றுவோம், சாகிறவர் கையில் கொடுப்போம், மற்ற நாளில் தொடமாட்டோம். அதைக் கையில் பிடித்துப் பொய் சொன்னவர் அடுத்த திருநாளைப் பார்க்கமாட்டார் என்பது எங்கள் மலையில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். வெரோனாவுக்கு அதில் அசைக்க முடியாத நம்பிக்கை.

இம்ரிக்குக்கு ஓய்வு இருந்த ஞாயிறு. பூசை முடிந்து செவ்சீக் தொப்பியோடு வந்து மேசைத் தலைமாட்டில் உட்கார்ந்தார். தோமாஷ் சுவரோரம். நான் மார்கிதாவை மடியில் வைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம். சுவரில் சிலுவை. வெரோனா பூசைக்குப் போட்ட தலைத்துணியை அவிழ்க்காமல் நின்றாள். மெழுகுவர்த்தியை ஏற்றி அவள் கையில் கொடுத்தார் செவ்சீக். அவள் அதை நேராகப் பிடித்தாள்.

"சொல்லும்மா. புருஷனத் தவிர வேற ஆம்பளய நெனைக்கலன்னு சொல்லு. நாங்க சாட்சி."

"சொல்லுதேன்," என்றாள். "அதுக்கு முன்ன அவங்கள்ட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளு," என்றான் இம்ரிக்.

"நான் இந்த வீட்டுக்கு வந்து எத்தனையோ பேர் முதுகத் தேச்சிருக்கேன். ஒருத்தன் வேண்டாம்னான். எனக்கு ஒண்ணும் தோணல. ஒரு முதுகு மிச்சம்னு சந்தோசந்தான் வந்துது. தோமாஷ் அண்ணாச்சிக்கு சிரிப்பு வந்துது. மதினி, ஒங்களுக்கு ஏதும் தோணிச்சா?"

"இல்ல," என்றேன். சட்டை விஷயம் வரும்வரை எனக்கு நிஜமாகவே எதுவும் தோன்றவில்லை.

"இந்தச் சந்துல ஒருத்தருக்கும் தோணல. அவங்க ஒருத்தருக்குத்தான் மொத நாளே தோணிச்சு. முதுகு தேய்க்க விடாதவன் மனசுல கள்ளம் இருக்கும், வீட்டம்மா கை பட்டா மூஞ்சில தெரிஞ்சிரும்னு பயப்படுவான், அதான் புருஷன்காரன் முன்னால குனியமாட்டான்னு. மதினிட்ட சொன்னாங்கன்னு மதினியே சொன்னாங்க." அவள் இம்ரிக்கைப் பார்த்தாள். "இத எங்க படிச்சீங்க?"

இம்ரிக் பைப்பை வாயிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தான்.

"அந்தக் கரி ஊர்ல மூணு வருசம் ஒரு வீட்ல இருந்தீங்கல்லா. அங்க ஒங்க முதுக யார் தேச்சா?"

"எல்லார் முதுகையும் வீட்டம்மாதான் தேய்ப்பா. என்ன கேள்வி இது?"

"கடைசி வரைக்குமா?"

செவ்சீக் நாற்காலியில் அசைந்தார். "எம்மா, இன்னிக்குச் சத்தியம் ஒன்னோடது..."

"நான் எங்கயும் ஓடிப் போகல அண்ணாச்சி. மொதல்ல அவங்க சொல்லட்டும், பெறகு நான் சொல்லுதேன்." அவள் மேசையைச் சுற்றி வந்து மெழுகுவர்த்தியைப் புருஷன் கையில் திணித்தாள். அவன் வாங்கிக்கொண்டான். வாங்காமல் இருந்திருக்கலாம், ஆனால் எரிகிற அந்த மெழுகுவர்த்தியைத் தரையில் விழவிட எங்கள் ஆட்களில் எவனுக்கும் தைரியம் கிடையாது.

"கடைசி வரைக்கும் அவதான் தேச்சாளா? இல்ல, ஒரு நாள்லேர்ந்து நீங்களும் வாளியத் தூக்கிக்கிட்டுக் கொட்டகைக்குப் போனீங்களா?"

மெழுகு உருகி அவன் விரல்மேல் வழிந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை. உலைமுன் நின்று காய்ந்த முகம் அது, எப்போதும் சிவப்பாக இருக்கும். அன்றைக்கு அதில் நிறமே இல்லை. தோமாஷ் சிலுவையைப் பார்த்தார், நான் பிள்ளையின் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தேன். ஒரு பொய், ஒரே ஒரு வார்த்தை. சொல்லிவிட்டால் அவன் தப்பித்துவிடலாம் என்று எனக்கே தோன்றியது.

"கடைசி வரைக்கும் இல்ல," என்றான் இம்ரிக்.

செவ்சீக் தொண்டையைச் செருமினார். எழுந்து, மெழுகுவர்த்தியை அவன் கையிலிருந்து வாங்கி, விரலால் திரியை நசுக்கி அணைத்தார். "கப்பல் பேச்ச இனி எவனாவது எடுத்தா எங்கிட்ட வாங்க," என்றார், யாரையும் பார்க்காமல். தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தோமாஷ் அவர் பின்னாலேயே வெளியேறினார். அந்த மனிதர் வாயைத் திறக்காமல் ஒரு வீட்டை விட்டுப் போனதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எனக்கு இம்ரிக்மேல் வந்த ஆத்திரத்தில் கையிலிருந்ததை அவன் தலையில் போட்டிருப்பேன், கையில் இருந்தது பிள்ளை. வெரோனாவைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. ஆனால் அவள் அழுகிற மாதிரி நிற்கவில்லை. தலைத்துணியை இறுக்கி முடிந்துகொண்டு, உருளைக்கிழங்குக் கூடையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கத்தியை எடுத்தாள். ஞாயிறானாலும் மற்றவர்கள் உலையிலிருந்து பசியோடு வருவார்கள். தோலை மெல்லிசாக, அறுந்துவிடாமல் சீவினாள்.

"வெரோனா," என்றான் இம்ரிக். "அது பழைய கதை. நீ வாரதுக்கு முன்னாடி. நான் சத்தியமா..."

"சத்தியம் முடிஞ்சிட்டு," என்றாள். இன்னொரு கிழங்கை எடுத்தாள். அதையும் சீவி முடித்துவிட்டு, சாதாரணமாக, உப்பு இருக்கிறதா என்று கேட்பது போலக் கேட்டாள்.

"அந்த வீட்டம்மாவுக்குப் பிள்ளை உண்டா?"

அவன் சுவரைப் பார்த்தான்.

"நான் கெளம்பும்போது இல்ல," என்றான்.

கத்தி நின்றது. "பெறகு?"

"பெறகு உள்ளது எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கிறிஸ்துமஸிலிருந்து அவன் அவளை எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தானோ, அதே பார்வை. அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் மார்கிதாவைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, கதவைச் சாத்தினேன்.